மேடைக்கு ரேம்ப் இருக்கானு பார்த்துட்டு அப்புறம் பேனர் அடிங்க: யுனிவர்சிட்டில மாற்றுத்திறனாளிகள் வரலாற்றைக் கொண்டாடுறது எப்படி

முதல் வருஷம் நாங்க பண்ணின கூத்தை முதல்ல சொல்லிடறேன், அப்பத்தான் மீதியெல்லாம் ஏன் சொல்றேன்னு புரியும். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம், ஹால் புக் பண்ணியாச்சு, பேனர் அடிச்சாச்சு, சிறப்பு விருந்தினர் வீல்சேர் பயன்படுத்துற ஒரு பேராசிரியர், பேச்சோட தலைப்பு தடையில்லாத வளாகம். அவர் மேடைகிட்ட வந்து நின்னப்பத்தான் எங்க பத்து பேருக்கும் ஒரே நேரத்துல உறைச்சுது, மேடைக்கு அஞ்சு படி, ரேம்ப் கிடையாது. நாலு பசங்க ஓடி வந்து "தூக்கிடறோம் சார்"னு கைப்பிடில கை வைக்கப் போனாங்க, அவர் பிரேக்கைப் போட்டுட்டு "நான் சாமான் இல்லப்பா, மைக்கைக் கீழ குடுங்க"ன்னார். கீழ இருந்தே முக்கால் மணி நேரம் பேசினார், பின்னாடி வரிசைல இருந்தவங்களுக்குக் குரல் மட்டும்தான் வந்துச்சு, ஆள் தெரியல, மேல மேடைல நாங்க அஞ்சு பேர் காலி நாற்காலி ஒண்ணோட உக்காந்திருந்தோம். அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை பண்ணியாச்சு, ஓரளவுக்கு ஒழுங்கா வந்துச்சு. அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன். நீங்க ஸ்டூடண்ட் யூனியனா இருக்கலாம், டிபார்ட்மெண்ட் ஆபீஸா இருக்கலாம், லைப்ரரி ஸ்டாஃபா இருக்கலாம், யார் எடுத்து நடத்தினாலும் வேலை ஒண்ணுதான்.

முதல்ல ஆள் சேர்க்கறது. நாங்க பண்ணின தப்பு, எல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசில "நீங்க வந்து பேசுங்க"ன்னு கூப்பிட்டது. தலைகீழா பண்ணுங்க, முதல் மீட்டிங்லயே மாற்றுத்திறனாளி மாணவர்களும் ஊழியர்களும் பாதிக்கு மேல இருக்கணும், என்ன நடத்தணும்ங்கறதையே அவங்க சொல்லட்டும். தென்னாப்பிரிக்க மாற்றுத்திறனாளி இயக்கத்துக்காரங்க வழியா 90கள்ல உலகம் பூரா பரவின ஒரு கோஷம் இருக்கு, எங்களைப் பத்தின எதையும் நாங்க இல்லாம முடிவு பண்ணாதீங்கன்னு, அதை போஸ்டர்ல போடறதுக்கு முன்னாடி மீட்டிங்ல கடைப்பிடிச்சா போதும். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, கேம்பஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஒரே ஒரு பார்வையில்லாத மாணவரை எல்லாக் கமிட்டிக்கும் இழுக்காதீங்க, அவருக்கும் செமஸ்டர் இருக்கு. பொதுவா ஒரு அழைப்பு விடுங்க, பேர் போடாமயும் கருத்து சொல்லலாம்னு தெளிவா எழுதுங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி உலகத்துல ஏறக்குறைய 130 கோடி பேர், அதாவது ஆறுல ஒருத்தருக்கு, குறிப்பிடத்தக்க அளவுல ஏதோ ஒரு குறைபாடு இருக்கு. வலிப்பு, டிஸ்லெக்சியா, தீராத வலி, மனநலப் பிரச்சனை, இதெல்லாம் பார்த்தா தெரியாது, நிறைய பேர் வெளில சொல்லவும் மாட்டாங்க. எங்க அழைப்புக்குப் பதில் போட்ட பதினோரு பேர்ல ஏழு பேரை எங்களுக்கு முன்னாடியே தெரியும், ஆனா அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது.

காசு விஷயம் ஒரு வரில முடிச்சிடறேன். மத்த பேச்சாளருக்கு சன்மானம் உண்டுன்னா இவங்களுக்கும் உண்டு, "விழிப்புணர்வுக்காக இலவசமா வாங்களேன்"ங்கறது கேக்கறதுக்கே நல்லா இல்ல.

தேதி. டிசம்பர் 3ஐ ஐ.நா. அறிவிச்சது 1992ல, பெரும்பாலும் எல்லாரும் அதைத்தான் பிடிச்சுக்கறாங்க, ஆனா உங்க யுனிவர்சிட்டில அப்ப பரீட்சை நடந்தா ஒருத்தனும் வரமாட்டான். வேற நாள் எவ்வளவோ இருக்கு, ஜனவரி 4 பிரெய்ல் தினம், செப்டம்பர் 23 சைகை மொழிகள் தினம், அக்டோபர் 15 வெள்ளைக் கோல் தினம், இல்ல உங்க யுனிவர்சிட்டிலயே முதல் மாற்றுத்திறனாளி மாணவர் பட்டம் வாங்கின நாள் கிடைச்சா அதை விட நல்ல தேதி எது. எந்தத் தேதியா இருந்தாலும் மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க, சைகை மொழிபெயர்ப்பாளர் எல்லாம் முந்தின வாரம் கூப்பிட்டா கிடைக்க மாட்டாங்க.

இப்ப இடம், இதுலதான் ரொம்ப நேரம் செலவாகும், ஆகட்டும். ஹாலைப் பார்க்கப் போகும்போது வீல்சேர்ல ஒருத்தர், வெள்ளைக் கோலோட ஒருத்தர், கையில அளக்கற டேப் ஒண்ணு, இவ்வளவும் இருக்கணும். பஸ்ல இருந்து இறங்கற இடத்துல ஆரம்பிச்சு ஹால் நாற்காலி வரைக்கும், அங்கிருந்து டாய்லெட் வரைக்கும், முழுசா நடந்து பாருங்க. ரேம்ப்புக்கு நிறைய இடத்துல சொல்ற அளவு ஒண்ணுக்கு பன்னெண்டு, அதாவது 1 செ.மீ. உயரம் ஏற 12 செ.மீ. நீளம் வேணும். ரெண்டாவது வருஷம் மேடைக்கு ரேம்ப் போட கார்பெண்டரைக் கூப்பிட்டோம், மனுஷன் ரெண்டு மீட்டர் பலகையோட வந்து நின்னார், மேடை உயரம் 60 செ.மீ., கணக்குப் போட்டா 7.2 மீட்டர் வேணும், அவர் கொண்டு வந்ததுல ஏறினா வீல்சேர் பின்பக்கமா கவுந்துடும். ஹால்ல அவ்வளவு நீளத்துக்கு இடமே இல்ல. கடைசில எங்க கமிட்டில இருந்த ஒரு பொண்ணுதான் கேட்டா, மேடை எதுக்குன்னு. அவ்வளவுதான் விஷயம், மேடையையே விட்டுட்டோம், எல்லாரும் தரைல, நாற்காலியை அரைவட்டமா போட்டு, பேசறவங்க நடுவுல. செலவு பூஜ்யம், போன வருஷத்தை விட நல்லா தெரிஞ்சுது. துணைவேந்தர் ஆபீஸ்ல இருந்து மட்டும் "மேடை இல்லாம எப்படி"ன்னு ஒரு போன் வந்துச்சு, வந்து பார்த்துட்டு அவங்களும் ஒண்ணும் சொல்லல.

டாய்லெட்டை நேர்ல தொறந்து பாருங்க, கதவுல வீல்சேர் படம் ஒட்டியிருக்குன்னு நம்பிடாதீங்க. எங்களுதுல படம் பளிச்சுன்னு இருந்துச்சு, தொறந்தா உள்ள துடைப்பம், பக்கெட், உடைஞ்ச ரெண்டு நாற்காலி, பழைய கான்வொகேஷன் பேனர். சாவி யார்கிட்டன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போச்சு. வீல்சேர் உள்ள திரும்பறதுக்கு ஏறக்குறைய 150 செ.மீ. வட்டம் வேணும், கதவு தொறந்தா குறைஞ்சது 80 செ.மீ.யாவது வழி விடணும், 90 இருந்தா நிம்மதி. லிஃப்ட் இருந்தா நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒரு தடவை, அன்னைக்கு காலைல ஒரு தடவை ஏறிப் பாருங்க. வீல்சேர் இடத்தை எல்லாம் கடைசி வரிசைல ஒரே மூலைல ஒதுக்காதீங்க, அங்கங்க ஒரு நாற்காலியை எடுத்துட்டா போதும், கூட வந்த பிரெண்டு பக்கத்துல உக்காரணுமா இல்லையா. சத்தம் தாங்க முடியாதவங்களுக்கு, கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னு தோணறவங்களுக்கு, பக்கத்துல ஒரு சின்ன ரூம் ஒதுக்கி அமைதி அறைன்னு எழுதி ஒட்டுங்க. அதை யூஸ் பண்றவங்களை ஏன்னு கேக்க ஆள் போடாதீங்க, அவ்வளவுதான்.

மைக். எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தர் எழுந்து "எனக்கு மைக் வேணாம், என் குரலே பெருசு"ம்பார். அவர் கையில மைக்கைத் திணிங்க. ஹியரிங் எய்ட் போட்டவங்களுக்கும் கேப்ஷன் (பேசறதை ஸ்க்ரீன்ல எழுத்தா காட்டறது) டைப் பண்றவங்களுக்கும் ஆன்லைன்ல பார்க்கறவங்களுக்கும் அவர் குரல் எவ்வளவு பெருசுங்கறது உதவாது. சைகை மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் இருபது நிமிஷம் போல செஞ்சதும் இன்னொருத்தர் மாத்திக்குவாங்க, கையும் மூளையும் சேர்ந்து பண்ற வேலை அது. பேச்சாளர்கள்கிட்ட இருந்து உரையையும், வரப்போற பேர்களையும் ரெண்டு நாள் முன்னாடியே வாங்கிக் குடுத்துடுங்க. வீடியோ போடும்போது பழக்கதோஷத்துல லைட்டை அணைச்சுடறோம் பாருங்க, அப்ப மொழிபெயர்ப்பாளர் இருட்டுல கையை ஆட்டிட்டு நிப்பார், அவர் மேல மட்டும் ஒரு லைட் எரியணும். தானா வர்ற கேப்ஷனை நம்பாதீங்க, தமிழ் பேச்சுக்கு அது போடறதைப் பார்த்தா சிரிப்பு வரும், டைப் பண்ண ஒரு ஆளை உக்கார வைங்க.

அழைப்பிதழ்ல எல்லாரும் பண்ற தப்பு, அழகா ஒரு படமா டிசைன் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பறது. ஸ்க்ரீன் ரீடர், அதாவது ஸ்க்ரீன்ல இருக்கற எழுத்தை சத்தமா படிச்சுக் காட்டற சாஃப்ட்வேர், யூஸ் பண்றவருக்கு அது "இமேஜ்"னு ஒரு வார்த்தை மட்டும்தான். படத்துக்குக் கீழயே தேதி, நேரம், இடம், எல்லாத்தையும் எழுத்தா டைப் பண்ணிப் போடுங்க. நமக்குன்னு கூடுதலா ஒரு பிரச்சனை இருக்கு, பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல். கண்ணுக்குத் தமிழா தெரியும், உள்ள இருக்கறது என்னவோ ஆங்கில எழுத்து, ஸ்க்ரீன் ரீடர் அதை அப்படியே மந்திரம் மாதிரி படிக்கும். எங்க கமிட்டில ஒருத்தர் ஆபீஸ் சர்க்குலரை ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், அப்புறம் அவர் சொன்னார், "எனக்கு ஹால் டிக்கெட் ரூல்ஸ் வந்தது இப்படித்தான்". யாரும் சிரிக்கல. யூனிகோடுல அடிங்க, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் வேண்டாம். என்விடிஏன்னு இலவச ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, இறக்கி, உங்க அழைப்பிதழை மானிட்டர் ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1ஆவது இருக்கணும்னு வெப் விதிமுறை சொல்லுது, வெளிர் மஞ்சள் மேல வெள்ளை எழுத்து போடற டிசைனர் நண்பருக்கு இதை ஃபார்வர்ட் பண்ணுங்க.

சரி, வரலாறுக்கு வருவோம், கொண்டாடுறதே அதைத்தானே. பெரும்பாலும் என்ன நடக்கும்னா, ஹெலன் கெல்லர் படம் ஒண்ணு, ஸ்டீபன் ஹாக்கிங் படம் ஒண்ணு, கீழ "முடியாதது எதுவும் இல்லை"ன்னு ஒரு வரி, கண்காட்சி முடிஞ்சுது. ஹெலன் கெல்லரை வைங்க, ஆனா 1904ல ராட்கிளிஃப் கல்லூரில பட்டம் வாங்கினதோட நிறுத்தாம, அப்புறம் அவங்க சோஷலிஸ்ட் கட்சில சேர்ந்து தொழிலாளர் உரிமை, பெண்கள் ஓட்டுரிமைன்னு போராடினதையும் எழுதுங்க, சின்ன வயசுல கையில தண்ணி விழுந்தப்ப முதல் வார்த்தை புரிஞ்ச அந்தத் தண்ணிக் குழாய் கதையோட அந்தம்மாவை முடிச்சுடறது அநியாயம். ஆஸ்திரேலியாவுல ஸ்டெல்லா யங்னு ஒரு பத்திரிகையாளர், காமெடியன், வீல்சேர் பயன்படுத்தினவங்க, உங்களுக்கு உந்துதல் குடுக்கறதுக்காக நாங்க பொறக்கலன்னு 2014ல ஒரு பேச்சுல வெளுத்து வாங்கினாங்க. தன்னம்பிக்கை நட்சத்திரம், சாதனைச் சிகரம், இந்த மாதிரி பட்டமெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாருங்க.

யுனிவர்சிட்டில பண்றீங்கன்னா யுனிவர்சிட்டில நடந்ததைச் சொல்லுங்க, மாணவர்கள் நின்னு படிக்கிறது அதைத்தான். நாங்க பெருசா வச்சது மூணு. ஒண்ணு லூயி பிரெய்ல், 1824ல பாரிஸ்ல ஒரு பார்வையற்றோர் பள்ளில மாணவனா இருந்தப்ப, 15 வயசுல, அந்தப் புள்ளி எழுத்தை உருவாக்கிட்டான், ஆனா அதே பள்ளி அதை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 1854ல, அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு. ரெண்டு, எட் ராபர்ட்ஸ், போலியோல கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர், 1962ல பெர்க்லில கலிபோர்னியா யுனிவர்சிட்டிக்குப் போனார், அவர் மூச்சு விடத் தேவையான இரும்பு நுரையீரல் மெஷின் எந்த ஹாஸ்டல் ரூம்லயும் வைக்க முடியாத சைஸ், அதனால கேம்பஸ் ஆஸ்பத்திரிலயே ஒரு ரூம் குடுத்தாங்க. அவர் பின்னாடி இன்னும் சிலர் வந்தாங்க, எல்லாரும் அந்த ஆஸ்பத்திரி வார்டுலயே தங்கி, ரோலிங் குவாட்ஸ்னு தங்களுக்கு ஒரு பேரும் வச்சுக்கிட்டு, ஊர் நடைபாதைல சரிவு வெட்டற வரைக்கும் போராடினாங்க. இவர் வேலை செய்ய லாயக்கில்லன்னு ஒரு காலத்துல உதவித்தொகை மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே பின்னாடி அவர் தலைவரா ஆனார். இன்னைக்கு டிராலி சூட்கேஸ், குழந்தை வண்டி எல்லாம் உருட்டிட்டுப் போறோமே, அந்தச் சரிவுலதான் போறோம்.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, கல்லாடெட். காது கேளாதவங்களுக்காக வாஷிங்டன்ல இருக்கற யுனிவர்சிட்டி, 1864ல பட்டம் குடுக்கற அதிகாரம் வந்துச்சு, ஆனா 1988 வரைக்கும் தலைவரா இருந்தவங்க அத்தனை பேரும் காது கேக்கறவங்க. அந்த வருஷம் மார்ச்ல இறுதிப் பட்டியல்ல மூணு பேர், அதுல ரெண்டு பேர் காது கேளாதவங்க, நிர்வாகம் தேர்ந்தெடுத்தது மூணாவது ஆளை. மாணவர்கள் கேட்டை அடைச்சு, குறுக்க பஸ்ஸை நிறுத்தி, டயர் காத்தைப் பிடுங்கி விட்டுட்டாங்க, கேம்பஸே நின்னு போச்சு, ஒரே வாரத்துல புதுத் தலைவர் ராஜினாமா, கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரா வந்தார். எங்க கண்காட்சில இந்தப் பேனல் முன்னாடி ஸ்டூடண்ட் யூனியன் பசங்க நின்ன நேரத்தைப் பார்த்து டீன் கொஞ்சம் கலவரமானார்.

கசப்பான பக்கத்தையும் வைங்க, மூடி மறைக்காதீங்க. 1880ல மிலன்ல நடந்த ஆசிரியர் மாநாட்டுல, ஏறக்குறைய எல்லாரும் காது கேக்கறவங்களா உக்காந்து, பள்ளிகள்ல சைகை மொழி வேண்டாம், பேச்சுப் பயிற்சிதான்னு தீர்மானம் போட்டாங்க, அதே மாநாட்டு வரிசை அதுக்கு வருத்தம் தெரிவிச்சது 2010ல, வான்கூவர்ல. நாஜி ஜெர்மனில 1939ல ஆரம்பிச்ச டி4 திட்டத்துல மாற்றுத்திறனாளிகளைக் கொல்லலாமா வேண்டாமான்னு படிவத்துல குறி போட்டவங்கள்ல யுனிவர்சிட்டி மருத்துவப் பேராசிரியர்களும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், யூஜெனிக்ஸ், அதாவது "நல்ல" மனுஷங்க மட்டும்தான் பிள்ளை பெத்துக்கணும்ங்கற கொள்கை, அந்த ஆராய்ச்சிக்கு இடம் குடுத்த தன்னோட சரித்திரத்துக்காக 2020ல அந்தக் கொள்கைக்குப் பேர் வச்ச கால்டன் பேரை லெக்சர் ஹால்ல இருந்து எடுத்துட்டு, 2021ல மன்னிப்பும் கேட்டுச்சு. படிச்சவங்க இடத்துலதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு மாணவருக்குத் தெரியணும்.

இது உலகக் கதை, உங்க சொந்தக் கதையைத் தேடறதுதான் சுவாரசியம். பழைய காலேஜ் மேகஸின், கட்டட வரைபடம், செனட் மினிட்ஸ், ரிட்டயர் ஆன லைப்ரரியன், இதுல எல்லாம் கிடைக்கும். அட்மிஷன் ரெஜிஸ்டர்ல இருந்து யாரோட மருத்துவ விவரத்தையும் எடுத்துப் போடாதீங்க, செத்துப் போனவங்களா இருந்தா குடும்பத்துல கேளுங்க. பழைய மாணவர்களைப் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, எதை வெளில போடலாம்னு அவங்களே கேட்டுட்டு முடிவு பண்ணட்டும். ஒரு அம்மா எங்ககிட்ட சொன்னாங்க, மூணாவது மாடில கிளாஸ், லிஃப்ட் இல்ல, அதனால காலைல ஒரு தடவை ஏறிட்டா சாயங்காலம்தான் இறங்குவாங்களாம், பாத்ரூம் கீழ இருந்ததால மூணு வருஷமும் காலைல தண்ணி குடிக்காமயே வந்தாங்களாம். அதை எழுதி அந்த மாடிப்படிலயே ஒட்டினோம். கண்காட்சி ஹால்ல இருந்த எல்லாப் பேனலையும் விட அந்த ஒரு தாள்கிட்டதான் ஆள் நின்னாங்க.

குறை காலுல இல்ல, படிலங்கற இந்த யோசனைக்கு சமூக மாதிரின்னு பேரு. பிரிட்டன்ல மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒண்ணு 1976ல எழுதின அறிக்கைல இருந்து வந்தது, மைக் ஆலிவர்ங்கற பேராசிரியர் 1983ல அதுக்குப் பேர் வச்சார். இதைப் புரிய வைக்கிறேன்னு கண்ணைக் கட்டிட்டு நடக்க விடற விளையாட்டு மட்டும் வேண்டாம். அஞ்சு நிமிஷம் கண்ணைக் கட்டினவனுக்குக் கிடைக்கறது பயமும் பரிதாபமும்தான், பல வருஷம் கோலோட நடந்து பழகினவரோட திறமை அதுல துளியும் தெரியாது. அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு டேப் குடுத்து கேம்பஸை அளக்க விடுங்க.

வார்த்தை விஷயத்துல சண்டை வரும், வரட்டும். ஊனமுற்றோர்ங்கறது போய் மாற்றுத்திறனாளி வந்துடுச்சு, பரவலா அதைத்தான் எழுதறோம், ஆனா அதையே பிடிக்காதவங்களும் இருக்காங்க, "என் திறன் ஒண்ணும் மாறல, உங்க கட்டடத்தை மாத்துங்க"ன்னு எங்க கமிட்டிலயே ஒருத்தர் கேட்டார். செவிடு, நொண்டின்னு பழமொழிக்காகக் கூட பேச்சுல வராம பார்த்துக்கங்க, தொகுப்பாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மத்தபடி பேசப் போறவரை எப்படிச் சொல்லணும்னு அவர்கிட்டயே கேட்டா முடிஞ்சுது.

கடைசியா, அன்னைக்கு நிகழ்ச்சில கண்டிப்பா ஒரு பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டியது லிஸ்ட்டுக்கு. கேம்பஸ் சுத்தும்போது கண்டுபிடிச்ச குறை எல்லாத்தையும் நம்பர் போட்டு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எந்த ஆபீஸ் பொறுப்பு, எந்த மாசத்துக்குள்ளன்னு சேர்த்து, எல்லார் முன்னாடியும் மைக்ல படிங்க, ரிஜிஸ்ட்ரார் முதல் வரிசைல உக்காந்திருக்கும்போது படிங்க. அடுத்த வருஷ நிகழ்ச்சி வரவேற்புரைல ஆரம்பிக்காம அந்த லிஸ்ட்ல ஆரம்பிக்கட்டும். எங்க முதல் லிஸ்ட்ல 23 இருந்துச்சு. டாய்லெட்ல துடைப்பம் போயிடுச்சு, சர்க்குலர் யூனிகோடுல வருது, பெரிய ஹாலுக்கு நிரந்தரமா ரேம்ப் கட்டியாச்சு, நடுவுல ஒரு திருப்பத்தோட, 7 மீட்டருக்கு மேல. இன்னும் ஆறு பாக்கி. அதுல ஒண்ணு லைப்ரரி கதவு, ஸ்ப்ரிங் அவ்வளவு டைட்டு, ஒரு கையில கோல் வச்சிருக்கறவர் இழுத்தா அவரையே உள்ள இழுத்துக்குது. மெயிண்டனன்ஸுக்கு நேத்து மூணாவது மெயில் போட்டிருக்கேன், கதவோட வீடியோவும் சேர்த்து, வீடியோல என்ன நடக்குதுன்னு கீழ எழுத்துலயும் எழுதி.